மணலுக்குள்ள தண்ணி: திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தேரிக்காடு வரை

செமஸ்டர் லீவு வந்துட்டா வாட்ஸப் குரூப்ல முதல்ல வர்ற கேள்வி, "எங்க போலாம்?" ஊட்டி, கொடைக்கானல், பாண்டிச்சேரின்னு மூணு பேரும் மாறி மாறிச் சுத்தும். கடைசியில யாரும் எங்கயும் போக மாட்டோம். இந்தத் தடவை நாலாவதா ஒரு பேர் சொல்றேன்: பாலைவனம்.

ராஜஸ்தான் வரைக்கும் போக வேண்டாம். தஞ்சாவூர்ல ராத்திரி ரயில் ஏறினா காலையில இறங்குற தூரத்துல, தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு செம்மணல் காடு இருக்கு. அதுக்குள்ளேயும் அதன் ஓரத்திலேயும் பழைய கோயில்கள் இருக்கு. அந்தக் கோயில்கள்ல கோபுரத்தையும் சிற்பத்தையும் மட்டும் பார்த்துட்டு வந்தா பாதிதான் பார்த்த மாதிரி. மீதிப் பாதி தரைக்குக் கீழே இருக்கு. அதை எப்படிப் பார்க்கணும்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆனா பயணத்தை மணல்ல இருந்து ஆரம்பிக்கப் போறதில்லை. வயலும் வாய்க்காலுமா இருக்கிற எங்க ஊர் திருக்காட்டுப்பள்ளியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

நெல் விளையும் ஊரில் ஒரு பாலைவன மரம்

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற இடத்துல இருக்கு திருக்காட்டுப்பள்ளி. இங்க இருக்கிற அக்னீஸ்வரர் கோயில், சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சுவாமிக்குத் தமிழ்ல தீயாடியப்பர்னு அழகான பேர். எல்லாத்தையும் எரிக்கிற பழி தன்மேல இருக்கேன்னு வருந்திய அக்னி இங்க வந்து வழிபட்டதா தலபுராணம் சொல்லுது. நெருப்பு வந்து கும்பிட்ட கோயில்ல தீர்த்தத்துக்கும் அக்னி தீர்த்தம்னுதான் பேர்.

இந்தக் கோயில்ல ரெண்டு விஷயத்தைக் கவனிக்கச் சொல்வேன்.

முதல் விஷயம், தலமரம். வில்வத்தோட வன்னியும் இங்க தலமரம். வன்னி யாருடைய மரம் தெரியுமா? ராஜஸ்தானின் மாநில மரம் அதுதான். அங்க அதுக்குக் கேஜ்ரின்னு பேர். தார்ப் பாலைவனத்துல ஆடு, ஒட்டகத்துக்குத் தழை, ஆட்களுக்கு நிழல், சமையலுக்குக் காய் எல்லாம் தர்றது அது. வேர் ரொம்ப ஆழம் போய் தண்ணியைத் தேடும். அப்படி ஒரு வறண்ட நிலத்து மரத்தை, முப்போகம் விளைஞ்ச டெல்டாவுல சாமி மரமா வச்சிருக்காங்க.

ரெண்டாவது விஷயம், ஒரு கதை. உறையூரை ஆண்ட ஒரு மன்னன் அபூர்வமான செவ்வந்திப் பூக்களைத் தன் ரெண்டு மனைவிகளுக்கும் கொடுத்தானாம். மூத்தவள் அதைத் தீயாடியப்பருக்குச் சாத்தினாள். இளையவள் தன் தலையில் சூடிக்கிட்டாள். சாமிக்கு உரிய பூவை எடுத்ததால மண்மாரி பெய்தது. வானத்துல இருந்து மழைக்குப் பதிலா மண். உறையூர் மூடிப்போச்சு, மூத்தவள் இருந்த திருக்காட்டுப்பள்ளி மட்டும் தப்பிச்சதுன்னு கதை முடியும்.

சின்ன வயசுல இதைக் கேட்கும்போது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். வெள்ளத்துல மூழ்கிப் பழகின ஊர்க்காரங்க, அழிவுன்னு சொல்லும்போது ஏன் வெள்ளத்தைச் சொல்லாம மணலைச் சொன்னாங்க? அதுக்குப் பாதி பதில் தேரிக்காட்டுல கிடைச்சுது. மீதிப் பாதி திரும்பி வந்தப்புறம் எங்க ஊர் ஆத்துலயே கிடைச்சுது.

தேரின்னா என்ன?

தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் கடலோரத்தை ஒட்டிய செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி சுற்றுவட்டாரத்தில் இதைப் பார்க்கலாம். குதிரைமொழித் தேரி இதில் ரொம்பப் பேர்பெற்றது. மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால்தான் இந்தச் சிவப்பு. சாயங்கால வெயிலில் பார்த்தால் போன் கேமராவில் ஃபில்டர் போட்ட மாதிரியே இருக்கும்.

இங்கே மனுஷங்க புதுசா வந்தவங்க இல்லை. சாய்னரும் ஆல்சினும் 1956-ல் வெளியிட்ட ஆய்வில், இந்தத் தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி எழுதினார்கள். அவை சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முந்தையவை என்பது அவர்களின் கணிப்பு. விரல் நுனி அளவுள்ள கல் கத்திகளை வச்சு இந்த மணல் மேட்டுல வேட்டையாடி, மீன்பிடிச்சு ஒரு கூட்டம் வாழ்ந்திருக்கு. குடிக்கிற தண்ணி பக்கத்துல இல்லாம யாரும் ஒரு இடத்துல வாழ மாட்டாங்க. இதை மனசுல வச்சுக்கோங்க.

இன்னொண்ணு. தேரி, தார் மாதிரி மழையே இல்லாத பாலைவனம் கிடையாது. ஜெய்சல்மர்ல வருஷத்துக்கு 200 மில்லிமீட்டருக்கும் குறைவாத்தான் மழை. தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷத்துக்கு 600 மில்லிமீட்டருக்கு மேல கிடைக்குது, பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில். அப்புறம் ஏன் பாலைவனம் மாதிரி இருக்கு? பெய்த மழை மேலே நிற்கிறதில்லை, அவ்வளவுதான். மணல் அப்படியே உறிஞ்சிடும். ஓடை கிடையாது, குட்டை கிடையாது. ஈரமும் சத்தும் மேல்மட்டத்துல தங்காததால நெல் வராது. பனை வரும், முந்திரி வரும், உடைமரம் வரும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய உடன்குடிப் பனங்கருப்பட்டி இந்த மண்ணோட பிள்ளைதான்.

அப்போ உறிஞ்சின தண்ணி எங்க போச்சு? கோயிலுக்குப் போனா தெரியும்.

நாலு இடம், நாலு தண்ணீர்

திருச்செந்தூரில் இறங்குங்க. சுப்பிரமணிய சுவாமியைத் தரிசனம் பண்ணிட்டு, எல்லாரும் போற மாதிரி நாழிக்கிணற்றுக்கும் போங்க. கடல் அலை சத்தம் கேட்கிற தூரத்துல, படி இறங்கிப் போனா சுமார் 14 அடி சதுரத்துல ஒரு கிணறு. அதுக்குள்ள ஒரு அடி சதுரத்துல இன்னொரு சின்னக் கிணறு. அந்தச் சின்னக் கிணற்றில் வர்ற தண்ணி உப்புக் கரிக்காது. சூரனோட போர் முடிஞ்சு படைவீரர்கள் தாகத்துல தவிச்சப்போ முருகன் வேலை ஊன்றி உண்டாக்கியதுன்னு நம்பிக்கை. எத்தனை பேர் மொண்டு ஊத்தினாலும் ஊறிக்கிட்டே இருக்கும்.

அங்கிருந்து கடலோரமாவே தெற்கே போனா மணப்பாடு. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிற்கிற மணல் மேட்டு மேல திருச்சிலுவை ஆலயம் இருக்கு, 1581-ல் கட்டியது. அதுக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி ஒரு குகை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த குகைன்னு சொல்றாங்க. அந்தக் குகையில் ஒரு கிணறு இருக்கு. அதுவும் நன்னீர். செப்டம்பர் 14 திருவிழாவுக்கு வர்றவங்க அந்தத் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுட்டுப் போவாங்க.

இப்போ கடலை விட்டு உள்ளே வாங்க. மேலப்புதுக்குடியில் இருக்கிறவர் அருஞ்சுனை காத்த அய்யனார். பேரை ஒரு தடவை மெதுவா சொல்லிப் பாருங்க. அருமையான சுனை, அதைக் காத்த அய்யனார். இந்த சாமியோட வேலை என்னன்னு பேர்லயே போட்டிருக்கு. செம்மணலுக்கு நடுவுல மரங்கள் சூழ்ந்து, சுனையும் சாமியும் சேர்ந்தே இருக்கிற இடம். பங்குனி உத்திரத்துக்கு, இவரைக் குலதெய்வமாக் கும்பிடுற குடும்பங்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து கூடும்.

நாலாவது, தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார். கற்குவா மரத்தில் தோன்றியதால் இந்தப் பேர்னு சொல்வாங்க. கார்த்திகை முடிஞ்சு மார்கழி பிறக்கிற சமயத்துல நடக்கிற கள்ளர் வெட்டுத் திருவிழாதான் இங்க பெரிசு. கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற தேரியில் கள்ளனுக்குப் பதிலா ஒரு இளநீரை வெட்டுவாங்க. வெட்டின இடத்துல இளநீர் சிந்தி நனைஞ்ச செம்மணலை எடுக்க ஆயிரக்கணக்குல ஜனங்க பாய்வாங்க. வீட்டில், கடைக் கல்லாப்பெட்டியில், தோட்டத்தில் அந்த மணலைப் போட்டு வைப்பாங்க. மத்த கோயில்ல திருநீறு, இங்க மணல். அதுவும் சும்மா மணல் இல்லை, நனைஞ்ச மணல்.

முருகன் கோயில், சவேரியார் குகை, ரெண்டு அய்யனார். சாமி வேற, கும்பிடுறவங்க வேற, காலம் வேற. நாலுலயும் நடுவுல இருக்கிறது மணலுக்குள்ள இருக்கிற நல்ல தண்ணி. முதல்ல தண்ணி இருந்த இடத்துல மனுஷன் நின்னான், அப்புறம் அவன் நின்ன இடத்துல கோயில் நின்னுதுன்னு எனக்குத் தோணுது.

கடலோரத்துல எப்படி நல்ல தண்ணி?

இது சிவில் பசங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கணும். மத்தவங்களுக்காகச் சொல்றேன்.

மணலில் இறங்கிய மழைநீர், நிலத்தடியில் ஏற்கெனவே இருக்கும் கடல்நீரோடு உடனே கலந்துவிடாது. நன்னீரின் அடர்த்தி 1.000, கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. எடை குறைந்த நன்னீர் மேலே மிதக்கும். பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும்போது பெரும்பகுதி உள்ளேயும் கொஞ்சம் வெளியேயும் இருக்கிறதல்லவா, அதே கணக்குதான். நெதர்லாந்தின் பாடோன் கைபன் 1888-லும், ஜெர்மனியின் ஹெர்ஸ்பர்க் 1901-லும் தனித்தனியாக இதைக் கண்டு எழுதியதால் கைபன்–ஹெர்ஸ்பர்க் விதி என்கிறோம்.

விதி சிம்பிள். 1.000-ஐ 0.025-ஆல் வகுங்கள், 40 வரும். அதாவது கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரம் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 மீட்டர் ஆழம் வரைக்கும் நன்னீர் இருக்கும்.

கேட்க சந்தோஷமா இருக்கு இல்லையா? இப்போ அதையே திருப்பிப் போடுங்க. ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சி, மேலே நிற்கிற அந்த மட்டம் 1 மீட்டர் இறங்கினா, கீழே 40 மீட்டருக்கு உப்புத்தண்ணி மேலே ஏறி வரும். நடைமுறையில் இது உடனே நடக்காது, நிலத்தைப் பொறுத்து மாறும். ஆனா திசை அதுதான். ஒண்ணு எடுத்தா நாற்பது போகும். அதனாலதான் நாழிக்கிணறு ஒரு அடி சதுரம். கையால மொண்டு எடுக்கிற வேகத்துக்கு மணல் ஈடு கொடுக்கும். பத்து ஹெச்.பி. மோட்டாருக்கு ஈடு கொடுக்காது.

உள்ளே இருக்கிற சுனையோட கதை கொஞ்சம் வேற. மேட்டில் பெய்த மழை மணலுக்குள் இறங்கிப் போகும்போது களிமண்ணோ கெட்டியான பாறையோ குறுக்கே வந்தா, அதன் மேல் பக்கவாட்டாக நகரும். நிலம் பள்ளமாகிற இடத்தில் வெளியே எட்டிப் பார்க்கும். அதுதான் சுனை. மேலே இருக்கிற காய்ந்த மணல் ஒரு மூடி மாதிரி. அடியில் உள்ள ஈரத்தை வெயில் இழுத்துக்கொள்ள விடாது. குளத்துல நிற்கிற தண்ணி சித்திரை வெயில்ல ஆவியாகிப் போகும். மணலுக்குள்ள ரெண்டு ஆள் ஆழத்துல இருக்கிற தண்ணி பத்திரமா இருக்கும்.

ஆக, தேரி வெறும் வறட்சி கிடையாது. பெரிய மூடி போட்ட ஒரு தண்ணித் தொட்டி.

அப்போ மண்மாரி?

தேரிப் பக்கமும் ஒரு மண்மாரிக் கதை இருக்கு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தண்ணி எடுத்துட்டுப் போன ஒரு பெண்ணின் குடத்துல, அரசனோட மரத்து மாங்கனி அவளுக்கே தெரியாம விழுந்துடுச்சாம். திருடின்னு பட்டம். சரியா விசாரிக்காம தண்டனை. சாகும்போது அவள் விட்ட சாபத்துல மண்மாரி பெய்து, சோலையா இருந்த நாடு தேரி ஆச்சாம்.

காவிரியில் மேலே போனா, மைசூர் மாவட்டத்துல தலக்காடு இருக்கு. கங்கர்களின் தலைநகரம். ராஜராஜன் காலத்தில் சோழர்கள் பிடிச்சு ராஜராஜபுரம்னு பேர் வச்ச ஊர். அப்புறம் ஹொய்சள விஷ்ணுவர்தனன் அதைக் கைப்பற்றி கீர்த்திநாராயணர் கோயிலைக் கட்டினான். இன்னைக்கு அந்தப் பழைய ஊர் காவிரிக்கரை மணல் மேடுகளுக்கு அடியில. பாதாளேஸ்வரர், மருளேஸ்வரர் கோயில்களுக்கு மணலுக்குள்ள படி இறங்கித்தான் போகணும். அங்க இருக்கிற ஐந்து சிவாலயங்களையும் சேர்த்துக் கும்பிடுற பஞ்சலிங்க தரிசனம் பல வருஷத்துக்கு ஒரு தடவைதான், 2020 டிசம்பர்ல நடந்தது. அங்கேயும் சாபம்தான் காரணம்னு சொல்வாங்க. நகைக்காகத் துரத்தப்பட்ட அலமேலம்மா, தலக்காடு மணலாகட்டும்னு சபிச்சுட்டு ஆத்துல குதிச்சாங்களாம்.

மூணு கதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. உறையூரில் சாமிக்கு உரியதை ஒருத்தர் தனக்கு எடுத்துக்கிறார். தேரியில் அதிகாரம் ஏழைப் பெண்ணை விசாரிக்காம தண்டிக்குது. தலக்காட்டில் ஒரு பெண்ணோட உடைமையைப் பிடுங்கப் பார்க்குது. மூணுலயும் தண்டனை மணல்.

இன்ஜினியரிங் கண்ணோட பார்த்தா தலக்காட்டுக்கு வேற விளக்கமும் இருக்கு. ஊருக்கு மேலே 14-ஆம் நூற்றாண்டில், விஜயநகர காலத்தில், மாதவமந்திரி அணை கட்டினாங்க. தண்ணி அங்க திரும்பினதும், தலக்காடு வளைவில் ஆற்று மணல் வெயிலில் காய்ஞ்சு திறந்து கிடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த மணலை அள்ளி ஊர் மேல போட ஆரம்பிச்சுது. ஒரு நாள்ல இல்லை, பல தலைமுறையா. இப்படித்தான் ஆய்வாளர்கள் சிலர் விளக்குறாங்க. அப்புறம் மரம் நட்டுத்தான் அந்த மணலை நிறுத்தப் பார்த்தாங்க.

இங்கதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு. மணல் நின்ன இடத்துல இருந்தா அது தொட்டி. நகர ஆரம்பிச்சா அது சாபம். நிற்க வைக்கிறது எது? மேலே மரமும் உள்ளே ஈரமும்.

அய்யனார் கோயிலைச் சுத்தி மரத்தை வெட்டக் கூடாது, விழுந்த விறகைக் கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு பல ஊர்ல கட்டுப்பாடு இருக்கும். மூடநம்பிக்கைன்னு சிரிக்கிறதுக்கு முன்னாடி, தேரியில் ஒரு சுனை எப்படி உயிரோட இருக்குன்னு யோசிங்க. சுத்தி உள்ள மரம் போனா மணல் நகரும், மணல் நகர்ந்தா சுனை தூர்ந்துபோகும். சட்டமும் போலீசும் இல்லாத காலத்துல, வெட்டாதேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். குதிரை மேல அரிவாளோட அய்யனார் உட்கார்ந்தார்.

ராஜஸ்தான்லயும் இதேதான். அங்க கோயிலைச் சேர்ந்த காட்டுக்கு ஓரண்னு பேர். தெய்வத்தோட பேர்ல விட்ட நிலம், வெட்டக் கூடாது. 1730-ல் கேஜர்லி கிராமத்தில் அரண்மனைக்காக மரம் வெட்ட வந்தப்போ, அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிப்பிடிச்சு உயிரை விட்டாங்க. அவங்களைத் தொடர்ந்து மொத்தம் 363 பிஷ்னோய் மக்கள் செத்தாங்க. எந்த மரத்துக்காக? கேஜ்ரி. அதாவது திருக்காட்டுப்பள்ளிக் கோயிலோட வன்னி. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஓரண் போன்ற கோயில்காடுகளை அளந்து வனமாக அறிவிக்கும்படி ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவு போட்டுது. முன்னூறு வருஷம் கழிச்சு சட்டம் அந்தப் பக்கம் வந்து நின்னிருக்கு.

திரும்பி வந்து ஆத்துல பார்த்தது

சின்ன வயசுல கோடையில குடமுருட்டி வறண்டதும், ஆத்து நடுவுல மணலைக் கையால தோண்டுவோம். ஒரு முழம், ஒன்றரை முழம் போனதும் சுத்தமா தண்ணி ஊறும். ஊத்துன்னு சொல்வோம். முதல்ல கலங்கலா வரும், ரெண்டு தடவை இறைச்சு ஊத்திட்டா கண்ணாடி மாதிரி ஆயிடும். ஒரு தேங்காய்ச் சிரட்டை போதும், மொண்டு குடிக்கலாம். நாழிக்கிணற்றைப் பார்த்தப்போ எனக்கு அந்த ஊத்துதான் ஞாபகம் வந்துச்சு. அதே டிசைன். பெரிய பள்ளம், நடுவுல சின்னப் பள்ளம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம்ம ஊர்ல மணலை யூனிட் கணக்குல விற்பாங்க. ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆற்று மணலில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளிதான். அதில் ஊறி வெளியே வரக்கூடிய தண்ணியை மொத்தக் கன அளவில் கால் பங்குன்னு வச்சுக்குவோம். அப்போ ஒரு கன மீட்டர் மணலுக்கு 250 லிட்டர். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 லிட்டர். மூணு யூனிட் லாரி ஒண்ணு கரையேறினா, 2,100 லிட்டர் பிடிக்கிற தொட்டி கரையேறிப் போகுது. மொட்டை மாடியில் வைக்கிற ஆயிரம் லிட்டர் டேங்க் ரெண்டு. அதுவும் ஒரு தடவை நிரப்பிக் காலி பண்ற டேங்க் இல்லை. ஒவ்வொரு வருஷமும் தண்ணி வரும்போதெல்லாம் தானா நிரம்புற டேங்க்.

மணல் போனா படுகை இறங்கும். படுகை இறங்கினா ஆத்துல ஓடுற தண்ணி வாய்க்கால் தலைமதகுக்கு எட்டாது. பக்கத்துக் கிணறும் சேர்ந்து இறங்கும். மேலே அணைகள் இருக்கிறதால, போன மணலுக்குப் பதில் மணல் பழைய வேகத்துல வந்து சேராது. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. அதுக்கு அப்புறம் மேலிருந்து வர்ற மணலின் பெரும்பகுதி அங்கேயே தங்கிடும்.

நம்ம பழைய இலக்கணத்துல ஒரு அருமையான விஷயம் இருக்கு. ஐந்திணையில் பாலைக்குன்னு தனியா ஒரு நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தன் இயல்பு கெட்டு நிற்கிற நிலைதான் பாலைன்னு சிலப்பதிகாரம் சொல்லுது. பாலைங்கிறது ஒரு இடத்தோட பேர் இல்லை, ஒரு இடத்துக்கு வர்ற கதி. மருதத்துக்கு அது வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கலை.

சின்ன வயசு சந்தேகத்துக்கு மீதிப் பதில் இதுதான். வெள்ளம் வந்தா வடியும், அடுத்த வருஷம் நாத்து விடலாம். மணல் இடம் மாறினா ஊர் திரும்பாது. ஆத்து ஊர்க்காரங்களுக்கு அது நல்லாத் தெரிஞ்சிருக்கு. அதனாலதான் பெரிய தண்டனைன்னு யோசிச்சப்போ அவங்களுக்கு வெள்ளம் தோணலை.

போறதுன்னா எப்படிப் போகணும்?

சென்னையிலிருந்து வர்ற செந்தூர் எக்ஸ்பிரஸ் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாப் போகுது. ராத்திரி தஞ்சாவூர்ல ஏறினா காலையில திருச்செந்தூர். ரெண்டு அய்யனார் கோயில்களும் மணப்பாடும் திருச்செந்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டருக்குள்ள. நாலு பேரா சேர்ந்து ஆட்டோ, வேன் பேசிக்கிட்டா ஒரே நாள்ல முடியும். இன்னொரு நாள் கையில் இருந்தா இடையன்குடிக்கும் போங்க. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1841-ல் வந்து குடியேறிய ஊர் அது. தேரி மண்ணில் நேர்கோட்டுத் தெருக்களோட ஒரு ஊரையே அமைச்சு, 1880-ல் பிரதிஷ்டையான ஆலயத்தையும் கட்டினார்.

டிசம்பர், ஜனவரிதான் நல்ல சமயம். ஆனி, ஆடியில் காத்து பிய்க்கும், மணல் கண்ணுக்குள்ள வரும். வெயில் காலத்துல போனா பதினொரு மணிக்குள்ள தேரியை விட்டு வெளியே வந்துடுங்க. செருப்பு இல்லாம மத்தியான மணல்ல நடக்கிற வீரம் வேண்டாம். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி கையில் இருக்கணும். தேரிக்குள்ள ரொம்ப தூரம் போனா எல்லா மேடும் ஒண்ணு போலவே தெரியும், போன்ல சிக்னலை நம்பாதீங்க. ஊர்க்காரர் ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கோங்க.

சுனையில் காலை விட்டு ரீல்ஸ் எடுக்காதீங்க. அது குடிதண்ணி, அதுக்கப்புறம் சாமி, எப்படி வச்சுக்கிட்டாலும் காலை விடக்கூடாத இடம். பிளாஸ்டிக் பாட்டிலைத் திரும்ப எடுத்துட்டு வாங்க, மணல்ல புதைச்சா மறைஞ்சுடும்னு நினைச்சா அடுத்த காத்துல வெளிய வந்துடும். சூட்டிங் நடந்த இடம் எங்கன்னு கேட்கிற மாதிரியே, "அண்ணே, முன்னாடி சுனையில தண்ணி எவ்வளவு இருக்கும், இப்போ எவ்வளவு?"ன்னும் கேட்டுப் பாருங்க. அங்க இருக்கிற பெரியவங்க சொல்ற பதில் எந்தப் பாடப் புத்தகத்துலயும் இருக்காது. முடிஞ்சா எழுதி வச்சுக்கோங்க.

திரும்பி வரும்போது திருக்காட்டுப்பள்ளிக்கு ஒரு தடவை வாங்க. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். அக்னீஸ்வரரைப் பார்த்துட்டு வன்னி மரத்தடியில கொஞ்ச நேரம் நில்லுங்க. அப்புறம் குடமுருட்டிக்கு வந்து, தண்ணி ஓடாத மாசமா இருந்தா மணல் இருக்கிற இடமாப் பார்த்துத் தோண்டுங்க. ஒரு முழத்துல தண்ணி வருதா, ரெண்டு முழத்துல வருதா, வரவே இல்லையான்னு பாருங்க.

எத்தனை முழம்னு எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல ஒரு அட்டவணையாப் போடுவோம்.